மாம்பலம் ராணியை மறைத்தவன்

தேவானை தி.நகர் பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது சேரன் கைக்குழந்தை. அப்போது அடையாற்றங்கரையில் குடியிருந்தார்கள். கடைக்கு நடந்தே போய் வந்துவிடுவாள். கரையைக் காலி செய்து எல்லாரையும் செம்மஞ்சேரிக்கு அனுப்பிய பிறகு, இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. கணவன் முருகையன் அங்கே போன கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் கண்ணை மூடினான். அதற்குப் பிறகும் அவள் ஒரு நாள்கூட வேலையை விடவில்லை.

கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மெரூன் புடவைதான் சீருடை. வருகிறவர்கள் கைகாட்டும் பட்டைப் பிரித்துத் தன் தோளில் போட்டு, மடிப்பு வைத்து, கண்ணாடி முன்னால் நின்று காட்டுவது தேவானையின் வேலை. எந்த நிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும் என்று அவளைக் கேட்டுத்தான் மற்ற பெண்களே வாடிக்கையாளருக்குச் சொல்வார்கள். வருடக்கணக்காக நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. இதற்குமேல் நின்றால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது, சேரனுக்குப் பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கூட்டிவந்தான்.

வந்த இடத்தில் அவளுக்குப் பேச்சுத்துணை இல்லை. டிவி போட்டால் தூங்கிப்போனாள். அப்போதுதான் சேரன் அவள் போனில் ‘தீவுக்காவல்’ விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். ஆறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, கடற்கொள்ளைக்காரர்களிடம் சிக்காமல் கப்பலைக் கரைசேர்க்கிற விளையாட்டு. அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆடலாம், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டாள். கத்தி சுற்றுவதைவிட அவளுக்குப் பிடித்தது, தன் உருவத்துக்கு உடுத்திப் பார்ப்பதுதான். ஒவ்வொரு பண்டிகைக்கும் விளையாட்டில் ஜெயித்தால் ஒரு உடை தருவார்கள். எதையும் விடாமல் ஜெயித்தாள். தனக்கு ‘மாம்பலம் ராணி’ என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

சேரன் ஆபீஸ் நண்பர்களோடு ஆடும் குழுவில் ஒருநாள் ஒரு ஆள் குறைந்தது. தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லி அம்மாவைச் சேர்த்துவிட்டான். சேர்ப்பதற்கு முன்னால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னான்.

“ம்மா, நீ மைக்க மட்டும் ஆன் பண்ணாத.”

“ஏன் நைனா? நான் பேசுனா இன்னா?”

“அந்த டீம்ல யாரும் பேச மாட்டாங்க. டிஸ்டர்ப் ஆகும்.”

“சரி” என்று குழம்பை இறக்கினாள். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். குழுவில் எல்லாரும் ஓயாமல் பேசுவார்கள். அம்மா வாயைத் திறந்தால் ‘இன்னா’, ‘கீது’ என்றுதான் வரும். ஆபீஸில் சேரன் அப்படிப் பேசுவதை எப்போதோ விட்டிருந்தான். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் மந்தைவெளி என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

குழுவின் தலைவன் பரத்வாஜ் அபிராமபுரத்துக்காரன்; சேரனுக்குப் பக்கத்து மேஜை. கெட்டவன் இல்லை. மாம்பலம் ராணி முதல்முறை கப்பலில் ஏறியபோது அவள் முதுகில் மயில் சிறகு விரிந்திருந்தது. சிவப்புப் பாவாடை, பொன் ஒட்டியாணம், தலையில் ஒளிரும் கிரீடம், நடக்க நடக்கக் காலடியில் பூ உதிர்ந்தது.

“மச்சி, யாருடா இது? ஆடி மாசத்துச் சீரியல் செட்டு நடந்து வருது” என்று, கோயில் திருவிழாவில் கட்டும் விளக்குச் சரத்தைச் சொன்னான் பரத்வாஜ்.

எல்லாரும் சிரித்தார்கள். சேரனும் சிரித்தான். எல்லாரையும்விட அவன் சிரிப்புதான் முதலில் கேட்டது.

அன்றிலிருந்து அவள் வந்தாலே “சீரியல் செட்டு வந்தாச்சு” என்பார்கள். ஆட்டத்தில் அவள் கெட்டிக்காரி. இரண்டு தடவை அவளால்தான் கப்பல் தப்பியது. அப்போதும் “சீரியல் செட்டு காப்பாத்திடுச்சுடா” என்றுதான் சொன்னார்கள். அம்மா வீட்டில் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஹாலில் உட்கார்ந்து ஆடுவாள். இவன் மொட்டை மாடிக்குப் போய், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஆடுவான். அவளுக்கு இதெல்லாம் எங்கே கேட்டிருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

பொங்கல் கழிந்து விளையாட்டில் ஒரு புது வசதி வந்தது. மற்றவர்களின் தோற்றம் வேண்டாமென்றால் மறைத்துக்கொள்ளலாம். மறைத்தால், அவர்கள் என்ன உடுத்தியிருந்தாலும் நம் திரையில் வெறும் சாம்பல் நிற உருவமாகத்தான் தெரிவார்கள். பழைய போன் வைத்திருப்பவர்களுக்குப் படம் திக்காமல் ஓடட்டும் என்று கொடுத்தது அது. மறைக்கப்பட்டவருக்கு இது தெரியவராது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஆபீஸ் கேன்டீனில் பரத்வாஜ் அதைத் திறந்து, “எல்லாரையும் மறைச்சிட்டா போர்டா” என்றான்.

“எல்லாரையும் வேணாம். ஒருத்தர மட்டும் மறைக்கலாம்” என்றான் சேரன். பரத்வாஜின் போனை வாங்கி, பெயர்ப்பட்டியலில் மாம்பலம் ராணியை அழுத்தி, எப்படி என்று காட்டிக்கொடுத்தான். அவனை யாரும் கேட்கவில்லை. பரத்வாஜ் முதுகில் தட்டினான். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் அதேபோலச் செய்தார்கள். குழுவில் இருந்த சாருலதா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள், போனை எடுக்கவில்லை. எல்லாரும் பார்க்க, சேரன் தன் போனிலும் மறைத்தான்.

அன்று சாயங்காலம் அவன் திரையில் முகமில்லாத ஒரு சாம்பல் உருவம் பாய்மரத்தில் ஏறி நின்றது. இனி சிரிக்க வேண்டியதில்லை என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவானை மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள். “இன்னிக்கி காலைல என்னப் பாத்தியாடா, கப்பல்ல?”

“பாத்தேனே.”

“எப்டி கீது?”

“சூப்பரா கீதும்மா. அந்த மயில் ரெக்கைலாம்.”

கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“ரெக்கய கழட்டி எவ்ளோ நாளாச்சு.”

சேரன் சோற்றைப் பிசைந்தான். வேறு எதையோ நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன் என்று முனகினான்.

“எல்லாத்தயும் கழட்டிட்டேன்டா. உங்க டீமு ஆளுங்க போடுற அதே நீலச் சட்டதான் போட்டுகினு வர்றேன். ஆபீஸ்ல இப்பவாச்சும் சிரிக்காம கீறாங்களான்னு உன்ன கேக்கலாம்னு பாத்தேன்.”

“சிரிக்கிறாங்கன்னு உனக்கு யார் சொன்னது?”

“மைக்கதான நிறுத்தச் சொன்ன? காத நிறுத்தச் சொல்லலியே.”

முதல் நாளிலிருந்து எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. சீரியல் செட்டு என்பதைச் செல்லப்பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன் என்றாள். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வது கடையிலும் உண்டு. அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். “ஆனா உன் சிரிப்பு எனக்குத் தெரியும்ல” என்றாள். குரல் ஏறவே இல்லை.

பிறகுதான் அவளுக்கு அடுத்தது தோன்றியது. “அப்ப இத்தினி நாளா நீ என்னப் பாக்குறதே இல்லியா? நீலச் சட்ட கூட தெரில உனுக்கு.”

இனி பொய் சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. சொன்னான். மறைப்பது என்றால் என்னவென்று சொன்னான். கேன்டீனில் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். பிறகு அதையும் சொன்னான்.

“எங்க, காட்டு.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து போனைத் திறந்தான். அவள் தன் போனிலிருந்து கப்பலில் ஏறினாள். அவன் திரையில் சாம்பல் உருவம் வந்து நின்றது. அவள் போனில் விரலை நகர்த்த, அது கையைத் தூக்கி இறக்கியது.

“இதுதான் நானா?”

“ம்.”

“மூஞ்சிகூட இல்ல.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “கடைல இப்டிதான்டா நிப்பேன். என் தோள்ல கீற புடவையப் பாப்பாங்க, ஒருத்தரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. அது வேல. சம்பளம் குடுத்தான், நின்னேன்.” தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். “சோறு ஆறுது. துன்னு.”

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து தின்றான். எழுந்து போனால் அவள் தன்னைச் சமாதானப்படுத்த வருவாள் என்று தெரியும். அந்தச் சமாதானத்தை வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் குழு கூடியதும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் சொன்னான். “மாம்பலம் ராணி எங்கம்மா.”

யாருடைய மைக்கிலோ ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது.

“டேய்” என்றான் பரத்வாஜ். “ஏன்டா முன்னாடியே சொல்லல? சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா?”

“வெக்கமா இருந்துச்சு.”

“எதுக்கு?”

அம்மாவின் பேச்சு, செம்மஞ்சேரி, மெரூன் சீருடை எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. சொல்லிப் பார்த்தால் அதில் எதுவுமே வெட்கப்படும்படியாக இல்லை.

சாருலதாதான் பேசினாள். “நான் அவங்கள மறைக்கவே இல்ல. அவங்க என்ன போட்டுட்டு வராங்கன்னு பாக்கத்தான் நான் சீக்கிரமே வருவேன். திடீர்னு நீலச் சட்டைல வந்தாங்க. ரெக்கை எங்கன்னு மெசேஜ் போட்டேன். ‘தொவைக்கப் போட்டுகீது’ன்னு பதில் வந்துச்சு.” சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இருந்தது, முடிக்கும்போது இல்லை.

மறைத்ததை எடுத்துவிட்டுக் கப்பல் முழுக்கத் தேடினான் சேரன். மாம்பலம் ராணி இல்லை. காலையிலேயே குழுவிலிருந்து விலகியிருந்தாள்.

கீழே இறங்கி வந்தபோது ஹாலில் அம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது. பட்டுக்கடையில் கூட வேலை பார்த்த திருவல்லிக்கேணி ஹாஜிராவையும் இன்னும் சில பெண்களையும் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு குழு தொடங்கியிருந்தாள். “ஹாஜிரா, பின்னால வர்றான் பாரு, இன்னாத்த தூங்கினு கீற” என்று கத்தினாள். அந்தப் பக்கமிருந்து அதைவிடப் பெரிய குரலில் பதில் வந்தது. மயில் சிறகு திரும்ப வந்திருந்தது.

ஆட்டம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, “நானும் உங்க டீம்ல வரட்டாம்மா?” என்று கேட்டான்.

“ஆளு ரொம்பிடுச்சு நைனா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “எடம் ஆனா சொல்றேன்.”

ஆறு பேருக்கு இடமுள்ள அந்தத் திரையில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பது அவளுக்கும் தெரிந்தது.

அடுத்த வாரம் பரத்வாஜ் வீட்டுக்கு வந்தான். தேவானை டீ போட்டுக் கொடுத்தாள். “தப்பாப் பேசிட்டேன் ஆன்ட்டி, மன்னிச்சிடுங்க” என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உனுக்கு இன்னா தெரியும், யாருன்னே தெரியாம பேசுன. வுடு கண்ணு” என்று பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். சிறிது நேரத்தில் அவன் தன் அக்கா கல்யாணத்துக்கு எந்த நிறத்தில் பட்டு எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவளும் மணப்பெண் மாநிறமா சிவப்பா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

சேரன் சுவரோரம் நின்றான். பரத்வாஜுக்கு ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. மாம்பலம் ராணி யாரென்று அவனுக்குத் தெரியாது. தனக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தை அம்மா மறக்க மாட்டாள், சொல்லிக்காட்டவும் மாட்டாள் என்று நினைத்தபடி, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.