இப்ராஹிம் மாமா எழுதிய அறுபத்திரண்டு

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேறு யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அப்பாவிடமும் அப்பாவின் கம்பெனி ஆட்களிடமும் காட்டிவிடாதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். கம்பெனி வாசலில் இப்ராஹிம் மாமாவின் படத்தை ஒட்டி, "கடமை தவறாத ஊழியர், எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே கம்பெனி அவரைப் பற்றி வேறொரு தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. இரண்டையும் படித்தவள் நான். அவருக்கு ஒழுங்கான ஓர் அஞ்சலி வேண்டும் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. கடலூரிலிருந்து திரும்பும் முதல் ஷிஃப்ட் பஸ் சிதம்பரத்தில் எங்கள் தெருமுனைக்கு மூன்றேகாலுக்கு வந்துவிடும். அன்று நான் பள்ளி விட்டு வந்தபோது மணி ஐந்து. பஸ் அப்போதுதான் வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். கடைசியாக டிரைவர் இறங்கி, மாமாவின் நீல டிபன் பையை என் கையில் கொடுத்தார்.

"அவுங்க வூட்டுல குடுத்துடும்மா. அந்த வாசல்ல போயி நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

பை கனமாக இருந்தது. சோறு அப்படியே இருந்தது. மாமாவின் மனைவி ஜமீலா மாமி கதவைத் திறந்ததும் பையைத்தான் பார்த்தார்.

"பை வந்துடுச்சி. அவுரு எங்க?" என்றார்.

பஸ்ஸிலிருந்து என் பின்னாலேயே வந்த ஒருவர்தான் சொன்னார். ஆசிட் பீறிட்டதாம், கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

மாமாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் லால்பேட்டைக்காரர். கூடப் பிறந்த மூன்று பேரும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். "நீங்க ஏன் மாமா போகல?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எனக்குப் பிச்சாவரம் படகுல ஏறினாலே தல சுத்தும்மா. நான் எங்க கடல் தாண்டுறது?" என்பார். கடலூருக்குத் தெற்கே உள்ள கெமிக்கல் ஆலை ஒன்றில் இருபது வருடங்களாக ஆபரேட்டராக இருந்தார். எங்கள் அப்பா அதே ஆலையில் உற்பத்திப் பிரிவு இன்ஜினியர். மாமாவின் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை.

நான் நான்காவது படிக்கும்போது நடந்தது இது. எங்கள் அடுப்பில் குக்கர் இருந்தது, அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார்.

"கயலு! அடுப்ப அணைக்கச் சொல்லு! அது விசில் வர வேண்டிய நேரம் தாண்டிடுச்சி!"

அணைத்துவிட்டுப் பார்த்தால் வெயிட் போடும் துளையைப் பருப்பு அடைத்திருந்தது. அம்மா வியந்து போனார். "பத்து வருசமா உங்க குக்கரக் கேட்டுக்கிட்டிருக்கேன், தெரியாதா?" என்று மாமா சிரித்தார். ஜமீலா மாமி, "சோத்துல உப்பு போடலன்னாலும் அவுருக்குத் தெரியாது. ராத்திரி ஃபேன் சத்தம் மாறினா மட்டும் எந்திரிச்சி ஒக்காந்துக்குவாரு" என்றார்.

போன வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆலையிலிருந்து கட்டுக்கட்டாக ஷீட்டுகளைக் கொண்டுவந்தார். மூடிய பெரிய கொப்பரை போன்ற ஒரு ரியாக்டரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். அப்போது உள்ளே எவ்வளவு சூடு என்று மணிக்கொரு முறை ஆபரேட்டர்கள் அதில் எழுத வேண்டும். அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எட்டு மாதத்து எண்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அப்பா அதை வைத்துக் கணக்குப் போட்டு, எந்தச் சூட்டில் எந்த வேகத்தில் ஓட்டினால் குறைந்த நேரத்தில் அதிகச் சரக்கு கிடைக்கும் என்று கண்டுபிடிக்கப் போகிறார். அதற்குப் பெயர் ஆப்டிமைசேஷன். நான் பெருமையாகத் தட்டினேன்.

இரண்டாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. அறுபத்திரண்டு, அறுபத்திமூன்று, அறுபத்திரண்டு, அறுபத்திமூன்று. மாமாவின் ஷீட்டில் வெறும் அறுபத்திரண்டு. மழை நாளிலும் அதுதான், சித்திரை வெயிலிலும் அதுதான். மாமா வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"என்ன மாமா, உங்க ரியாக்டருக்கு ஜுரமே வராதா?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஷிஃப்டுக்குப் போனதும் மொத வேலையா எட்டு மணி நேரத்துக்கும் எழுதி வச்சிடுவோம்மா. எல்லாரும்தான். அறுபத்தஞ்சுக்கு மேல ஒண்ணு எழுதினா, ஏன்னு விளக்கம் எழுதித் தரணும். மூணு விளக்கம் சேந்தா மெமோ. எனக்கு ரெண்டு மெமோ ஆயிடுச்சி."

"அப்ப நெசமான சூடு?"

"அது ஏறும், எறங்கும். ஆசிட்டு போகப் போகச் சூடாவும். சத்தத்துலயே தெரிஞ்சிடும். வால்வ லேசா மூடிடுவோம். எறங்கினதும் தொறப்போம். அவ்ளோதான் எங்க பொழப்பு."

சட்டைப் பையிலிருந்து தினசரிக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் தேதி, ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பேனாவால் உண்மையான எண்கள்: 64, 68, 71, 66. கீழே, "பம்பு சரியில்ல மச்சான், பாத்துக்க." முந்தைய ஷிஃப்ட்காரர் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் சீட்டு அது. இருபது வருடமாக அப்படித்தான் ரியாக்டர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது. கன்ட்ரோல் ரூம் காலண்டரில் எப்போது பார்த்தாலும் நாளைய தேதிதான் இருக்கிறது என்று அப்பா வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். "பசங்களுக்குச் சம்பள நாள் சீக்கிரம் வரணும்னு அவசரம்" என்பார். தாள் எங்கே போகிறது என்று அவர் கேட்டதே இல்லை.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. என் வேல போயிடும்," என்றார் மாமா.

நான் சத்தியம் செய்தேன். மிச்ச அறுபத்திரண்டுகளையும் தட்டி முடித்தேன்.

போன மாதம் அப்பாவின் கணக்கு முடிந்தது. "எட்டு மாசமா சூடு அறுபத்திமூணத் தாண்டவே இல்ல. இன்னும் எவ்ளோ எடம் இருக்கு பாரு! ஆசிட்ட வேகமா விடலாம். எட்டு மணி நேர வேல ஆறு மணி நேரத்துல முடிஞ்சிடும்," என்றார். கம்பெனி அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, குங்குமம் வைத்தார். ஆபரேட்டர்கள் பழக்கதோஷத்தில் வால்வை மூடி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று, புது வேகத்தில் வால்வை நிறுத்தி, கம்பி கட்டி, சீல் வைக்கச் சொன்னதும் அப்பாதான்.

அந்த உத்தரவு வந்த அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், சீல் மட்டும் வேணாம் சார். கொஞ்சம் கையில இருக்கட்டும்."

"ஏன் பாய்? என்ன பயம்?"

"சூடு ஏறிடும் சார்."

அப்பா உள்ளே போய் ஷீட்டை எடுத்துவந்து நீட்டினார். "இது யாரு கையெழுத்து? நீங்கதான எழுதிருக்கீங்க அறுபத்திரண்டுன்னு? எட்டு மாசத்துல ஒரு நாளாவது ஏறியிருக்கா?"

மாமா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டீ டம்ளருடன் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று நினைத்தாரோ, சொல்லிவிடுவேன் என்று பயந்தாரோ, எனக்குத் தெரியாது. நான் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். "சரி சார்" என்ற குரல் மட்டும் கேட்டது. அவர் டீயைக் குடிக்காமல் போனார்.

சீல் வைத்த ஒன்பதாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. மாமா குறடு எடுத்துவந்து கம்பியை வெட்டிக்கொண்டிருந்தபோது மூடியின் ஓரத்தில் பீறிட்டதாம். கூட வேலை பார்த்த இருவரை முதலிலேயே வெளியே போகச் சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.

நல்லடக்கம் லால்பேட்டையில் நடந்தது. கம்பெனியிலிருந்து மலர் வளையம் கொண்டுபோனார்கள். அங்கே அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாமல் காரிலேயே திரும்பி வந்தது. இப்போது எங்கள் வாசலில் வாடிக் கிடக்கிறது. மறுநாள் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சர்க்கரை இல்லாத காபி கேட்டார், இரண்டு முறை வாங்கிக் குடித்தார், வெங்காய பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் ஷீட்டை எடுத்தார்.

"பாவம், நல்ல மனுசன். ஆனா இதப் பாருங்க. பன்னெண்டே காலுக்கு ஆளு ஆம்புலன்ஸ்ல. ஒரு மணிக்கு அறுபத்திரண்டு, ரெண்டு மணிக்கு அறுபத்திரண்டு. மேல போயி எழுதினாரா பாய்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எண்ணெய் பட்ட விரலால் மாமாவின் எழுத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எங்கள் அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அப்பா தொட்ட டம்ளரை நான் தொடுவதில்லை. எனக்கு என் விரல்களைப் பார்த்தாலும் அருவருப்பாக இருக்கிறது. அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டியவை இவை.

ஜமீலா மாமி இங்கே சிதம்பரத்து வீட்டில் இத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார்கள். கம்பெனி ஆட்கள் உள்ளே போக முடியாது. அதனால் இன்று சாயங்காலம் அப்பா என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார்.

"மாமிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு கயலு. சும்மா ஃபார்மாலிட்டி. நாளைக்குக் காலைல மேனேஜர்கிட்ட குடுத்தாவணும்."

மாமி இருட்டு அறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். "எனக்குக் கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. நீயே படிம்மா," என்றார். படித்தேன். மாமி சொல்வது போலவே எழுதியிருந்தார்கள்: என் கணவர் சூட்டின் அளவைப் பொய்யாக எழுதி வந்தார். நிர்வாகத்தின் அனுமதியின்றிச் சீலை உடைத்தார். விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். எனக்கு யார் மீதும் புகார் இல்லை.

மாமி அழவில்லை. "பொய்யா எழுதினாருன்னு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மாமி. எழுதினாரு. எல்லாரும் எழுதினாங்க. எனக்குத் தெரியும்."

அப்போதுதான் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் தாள், மெமோ, நான் தட்டியது, டீ டம்ளர். திட்டுவார் என்று நினைத்தேன். மாமி எழுந்து அலமாரியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஒன்றை எடுத்துவந்தார்.

"இதுவா பாரு. தூக்கிப் போடுன்னுவாரு. மளிகை லிஸ்ட் எழுத ஆவும்னு நாந்தான் வச்சிக்கிட்டேன்."

நூறு தாளாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் அச்சடித்த தேதி. பின்னால் வேறு வேறு ஆபரேட்டர்களின் கையெழுத்தில் உண்மையான சூடு. இடுக்குகளில் மாமியின் எழுத்தில் உளுந்து அரை கிலோ, பெருஞ்சீரகம், சோப்பு. மேலாக இருந்த ஒன்றில் மட்டும் மளிகை இல்லை. டிபன் பையின் பக்க அறையில் கிடந்ததாம். பதினோரு மணி டீக்கு வந்தபோது வைத்திருக்க வேண்டும். அடுத்த ஷிஃப்ட்காரருக்குக் கொடுக்க மாமா எழுதி, கொடுக்க முடியாமல் போனது. செவ்வாய்க்கிழமைத் தாள்.

8 – 63
9 – 67
10 – 70
11 – 73. சார்கிட்ட ஃபோன்ல கேட்டேன். சீல்ல கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க.

அந்த சார் யார் என்று மாமி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்தது. அப்பா வீட்டில் யாரிடமும் அந்த ஃபோனைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"வச்சிக்க. எங்க குடுக்கணுமோ நீ படிச்ச பொண்ணு, பாத்துக் குடு," என்று மாமி கட்டை என் கையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணில் படாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொடுத்தால் அப்பாவை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை போகலாம், போலீஸ் வரலாம். அம்மா என்னை மன்னிக்க மாட்டார். கொடுக்காவிட்டால், அந்த ஆலை இருக்கும்வரை அதன் காகிதங்களில் மாமா பொய்யர், கவனக்குறைவால் செத்தவர்.

மாமா, பக்கத்து வீட்டுக் குக்கருக்காகக்கூடப் பதறிக் கத்தினீர்கள். உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது சத்தமே இல்லை. உங்கள் மாலைத் தொழுகையின் முணுமுணுப்பு இல்லை, சைக்கிள் ஸ்டாண்டு போடும் ஓசை இல்லை. மாமி மட்டும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். போய் வாருங்கள் மாமா. லால்பேட்டை மண் உங்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும். காலையில் நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான், எழுந்துவிட்டார். "கயலு, மாமிகிட்ட கையெழுத்து வாங்கிட்டியாம்மா?" என்கிறார். இல்லை என்று சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்டால்