நெத்திலியை ஒதுக்கிய பன்னிரண்டு நாட்கள்

"நெஞ்சுக்குள்ள எதைத் தேடப் போறீங்க?" சி.டி. மேசையில் படுத்தபடியே தக் மால்சூன் கேட்டார்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல கால்சியம் படிஞ்சிருக்கான்னு பார்க்கிறோம்மா," என்றாள் ஸ்கேன் எடுக்கும் ஹாக்யோங்.

"கால்சியமா?"

"ஆமாம்மா. எவ்வளவு படிஞ்சிருக்கோ அவ்வளவு நம்பர் ஏறும். ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம்."

மால்சூன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "என் கணக்குக்கு உங்க மெஷின்ல நம்பர் பத்தாது, பொண்ணு," என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்த ஹாக்யோங் சிரித்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

தோங்யோங் துறைமுக ஊர்ச் சந்தையில் முப்பத்தொரு வருடமாக நெத்திலிக் கருவாடு விற்பவர் மால்சூன். கடை முகப்பில் 'கால்சியத்தின் அரசன்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. பிள்ளைக்காரிகள் வந்தால் பொடி நெத்திலியை அள்ளிக் காட்டி, "இதை வறுத்துப் போடு, அடுத்த வருஷம் உன் பையன் நிலைப்படியில தலையை இடிச்சுக்குவான்," என்பார். அவர் கணவர் ஓக் சில்போங் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். ஐம்பத்தெட்டு வயதில் துறைமுகத்திலேயே மாரடைப்பில் விழுந்தவர் எழவில்லை. அது நடந்து ஒன்பது வருடம். இந்தப் பரிசோதனை, அம்மாவின் பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்த பரிசு.

மால்சூனுக்கு வந்த எண் நாற்பத்தொன்று. லேசான படிவுதான், ஒரு மாத்திரை போதும், தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து, வீட்டுக்கு நெத்திலி வாங்க ஹாக்யோங் அந்தக் கடைக்குப் போனாள். பலகை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"பொடி நெத்திலி அரை கிலோ கொடுங்கம்மா."

"வேணாம். சின்ன வயசு உனக்கு. எதிர்க்கடையில கடற்பாசி இருக்கு, அதை வாங்கிட்டுப் போ."

"வந்த ஆளைத் தொரத்துறா பாரு," என்றார் எதிர்க்கடைக் கடற்பாசிக்காரர். "ரெண்டு வாரமா இதே கூத்து."

"நீ வாயை மூடு," என்ற மால்சூன், ஹாக்யோங்கின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தார். குரல் இறங்கிவிட்டது. "நீதானே சொன்ன, கால்சியம்தான் அடைக்குதுன்னு. மூணு வேளையும் அவர் தட்டுல நெத்திலி வச்சவ நான். போதும்பாரு. எலும்புக்கு நல்லது, தின்னுய்யான்னு நான்தான்..."

ஹாக்யோங்குக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு எண்ணுக்கு விளக்கம் சொல்லப் போய், இந்த அம்மாவைக் கொலைகாரியாக்கி வைத்திருக்கிறாள்.

"சாப்பிடுற மீனுல இருந்து அது வர்றதில்லைம்மா. குழாய்ச் சுவர்ல கொழுப்பு சேர்ந்து புண்ணாகும். அந்தப் புண் மேல உடம்பே கால்சியத்தைப் பூசி வைக்கும். அதைத்தான் நாங்க படம் எடுக்கிறோம். அவர் புகை பிடிப்பாரா?"

"ரெண்டு பாக்கெட். மழை நாள்ல மூணு."

"அதைச் சொல்லுங்க. குழாயைப் புண்ணாக்குறது அந்தப் புகைதான்."

"என் மனசு ஆறணும்னு சொல்ற."

ஹாக்யோங் அப்போதே அன்றைக்கு முடிவு சொன்ன டாக்டருக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நெத்திலி மேல பழி போடாதீங்கம்மா," என்றார் டாக்டர். "உப்பை மட்டும் தண்ணியில அலசிட்டு நல்லாச் சாப்பிடுங்க."

மால்சூன் மூட்டை மேல் உட்கார்ந்தார். பிறகு பெட்டிக்குள் கைவிட்டு ஒரே ஒரு நெத்திலியை எடுத்து மெல்ல மென்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷச் சரக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அரை கிலோ கேட்டவளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் அள்ளிக் கட்டினார். கொடுக்கும்போது பையை விடவில்லை.

"செவ்வாக்கிழமை அவருக்குத் திதி. இப்ப நீ சொன்னதை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடு, பொண்ணு. எழுத்து பெருசா இருக்கட்டும். அவர் படத்துக்கு முன்னால நான் வாசிக்கணும்."