எட்டுத் தறியும் ஒன்றாய் அடித்தால்

திருடி என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தறி மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போனாள், உண்மைதான். அதை விற்று மாளிகையா கட்டிவிட்டாள்? நாத்தனாருக்குப் பரிந்து பேசுகிற அண்ணியை இந்தத் தெரு பார்த்ததில்லை போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். முப்பது வருஷம் ஒரே அடுப்படியில் சண்டை போட்டவர்கள் நாங்கள். அவளைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, உங்களுக்குக் கிடையாது. புது பெல்ட் வந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை மறுபடி மாடியிலேயே விழாவாம். அதற்குள் இதைக் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய நெசவுக் கூடத்தின் மாடியில் அவள் மேஸ்திரி. தறிச் சத்தத்தில் காது போய், செவிட்டு மேஸ்திரி என்றே பெயராகிவிட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். மாடித் தளம் முழுக்க மரம். அதனால் தறிகளை ஒரே அடியாக அடிக்க விட மாட்டார்கள். ஒன்று முந்தி, ஒன்று பிந்தித்தான் அடிக்க வேண்டும். உத்தரத்தில் ஒரு வெற்றுப் பாபினை, நூல் சுற்றுகிற கட்டையை, நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். அடி ஒத்துப்போனால் கட்டிடம் அசையும், பாபின் ஆடும். உடனே ஒரு தறியை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி ஓட்டுவாள். ஒருமுறை புதிதாக வந்தவன் ஒரு வரிசையையே சேர்த்து முடுக்கிவிட்டான். மூலைச் சுவர் கை நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது.

மூடிக் கிடந்த கூடத்தைக் கலை அரங்கமாக்கியவர்கள் அந்த வாய்க்கும் பூச்சு பூசி வெள்ளையடித்தார்கள். தறி ஓட்டிக் காட்ட இவளையும், பெருக்க என்னையும் கூப்பிட்டார்கள். முதல் நாளே இவள் முகம் செத்துப்போனது. அந்த மாடியிலேயே எட்டுத் தறியையும் ஒரே மோட்டாரில், ஒரே பெல்ட்டில் கோத்து, எட்டும் ஒரே அடியாக அடிக்கும்படி வைத்திருந்தார்கள். பார்க்க அழகாம். அந்த அடிக்கு நாற்பது பிள்ளைகள் கால் தட்டி ஆட வேண்டுமாம். அதில் என் பேத்தியும் ஒருத்தி.

ஒத்திகையில் இவள் பாபினைத் தொங்கவிட்டாள்.

"சார், ஆடுது பாருங்க."

"ஃபேன் காத்தும்மா," என்றார் மேனேஜர்.

போய் ஃபேனை நிறுத்தினாள். பாபின் நிற்கவில்லை.

"முந்நூறு பேர் எடை தாங்கும்னு இஞ்சினியர் எழுதிக் குடுத்திருக்காரு."

"எடையை யாரு கேட்டா? முந்நூறு பேர் உக்காரட்டும். சேர்ந்து அடிக்கக் கூடாது."

ஆட்ட வாத்தியாருக்குச் சிரிப்பு. "காது கேக்காதவங்க எனக்குத் தாளம் சொல்றாங்க."

"காதுதான் போச்சு தம்பி. பாதம் என்கிட்டதான இருக்கு."

அன்றைக்கே மூலைச் சுவரில் மயிரிழையாக ஒரு கோட்டைக் கண்டு, கோடு அகன்றால் கிழியட்டும் என்று அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டினாள். மூன்றாம் ஒத்திகையில் அது நடுவே கிழிந்தது. மேனேஜரிடம் காட்டினாள். அவர் ஆளை விட்டுக் காகிதத்தைச் சுரண்டி, மேலே மறுபடி வெள்ளையடிக்கச் சொன்னார்.

விழா அன்று காலை, பிள்ளைகள் மாடியில் வரிசை கட்டி நிற்கும்போது, இவள் மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒளிக்கவில்லை. எல்லார் முன்னாலும்தான் படியிறங்கி வந்தாள்.

"எங்கடி போறே?" என்றேன் வாசலில்.

"இது என்கிட்ட இருக்கிற வரைக்கும் எட்டும் சும்மா இருக்கும் அண்ணி. அப்புறம் நீங்க பாத்துக்குங்க. பாபினை மட்டும் யாரும் அவுக்க விடாதீங்க."

வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் துடைப்பத்தோடு மாடிக்கு ஏறினேன். விழாவை முற்றத்துக்கு மாற்றிவிட்டார்களாம், பிள்ளைகள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே தறிகள் நின்றிருந்தன, ஃபேனும் நின்றிருந்தது. பாபின் ஆடிக்கொண்டிருந்தது. படியில் வாத்தியார், "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு," என்று எண்ண, நாற்பது பிள்ளைகளும் ஒரே காலாக அடிவைத்துப் போனார்கள்.