முதல் ஆராதனைக்குப் போன ஞாயிறு

அப்பா அம்மாவிடம் சொன்ன பொய்களில் ஒன்றில்தான் நானும் கூட்டு. எங்கள் குடும்பத்துக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

எண்பதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. சேலையூரில் வாடகை வீடு. அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க், அம்மா பள்ளிக்கூட டீச்சர், நான் ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச் எங்களுக்குக் குளிப்பது மாதிரி, போகலாமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது. காலை ஆறு மணிக்கு முதல் ஆராதனை, எட்டரைக்கு இரண்டாவது. பாடகர் குழுவில் இருந்ததால் அம்மா எப்போதும் இரண்டாவதுக்குத்தான் போவாள்.

அப்பாவுக்குச் சைக்கிள் பைத்தியம். தாம்பரத்தைச் சுற்றியிருந்த ஆபீஸ்காரர்களும் ஒர்க்‌ஷாப்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு சைக்கிள் கிளப்பில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்தார். முந்தின வருஷம் வண்டலூர் ஏற்றத்தில் மூச்சுத் திணறி விழுந்துவிட்டார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறது, இனி சைக்கிளைத் தொடவே கூடாது, மாடிப்படிகூட நின்று நின்றுதான் ஏற வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்குச் சைக்கிள் பிடிக்காது என்பது மட்டும்தான். குழந்தையிடம் இதயம் அது இது என்று சொல்லிப் பயமுறுத்தக் கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போனார்கள்.

ரேஸ் சைக்கிளை விற்றுவிட்டதாக அம்மாவிடம் அப்பா சொல்லியிருந்தார். அது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் பரணில், சாக்கு போர்த்திக்கொண்டு பத்திரமாக இருந்தது. கடைக்காரர் அப்பாவின் சிநேகிதர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

அந்த ஞாயிறு கிளப்பின் வருடாந்தர ரேஸ். என்னை முதல் ஆராதனைக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளையும் கூடப் போகிறது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? வெள்ளைக் கவுனும் தலையில் ரிப்பனும் கையில் பைபிளுமாக நான் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன். தெருமுனை திரும்பியதும் அப்பா வண்டியை நிறுத்தி, “அம்மாகிட்ட சொல்லக் கூடாது, சரியா?” என்றார். எட்டு வயதில் ஒரு பெரிய மனுஷர் நம்மிடம் ரகசியம் சொன்னால் கசக்குமா? நான் பைபிள் மேலேயே கையை வைத்துச் சத்தியம் செய்தேன். அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

கடையில் மாமா சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துத் தயாராக வைத்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. “இன்னா சார், நெஜமாவே ஏறப் போறியா? வூட்ல தெரிஞ்சா என்னை உயிரோட வுடுவாங்களா?” என்றார். அப்பா அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். மாமா தலையைத் தலையை ஆட்டினார், ஆனாலும் முகம் தெளியவில்லை.

ரேஸ் நடந்த இடம் மாடம்பாக்கம் பக்கம் புதிதாகப் பிரித்த ஒரு லேஅவுட். ஒரு வீடும் வந்திருக்கவில்லை. மனைக்கற்களும் முள்செடிகளும், அவற்றைச் சுற்றி ஒரு மைல் நீளத்துக்குத் தார் ரோடும்தான். பன்னிரண்டு ரவுண்டு சுற்ற வேண்டும். அந்த கிளப்பில் ஒரு சட்டம் இருந்தது. மெதுவாகப் போகிறவரை முன்னால் போன கூட்டம் ஒரு முழு ரவுண்டு சுற்றி வந்து பின்னாலிருந்து பிடித்துவிட்டால், செயலாளர் விசில் ஊதுவார், பிடிபட்டவர் இறங்கி ஓரமாக நின்றுவிட வேண்டும். இந்தச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ரேஸ் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில், விசில் வைத்திருந்த செயலாளரின் அருகே, ஒரு மனைக்கல்லின் மேல் ஏறி நின்றிருந்தேன். மாமா வழியில் யாராவது விழுந்தால் தூக்குவதற்காக ரோட்டின் மறுபக்கம் போய்விட்டார்.

பதினெட்டு பேர் கிளம்பினார்கள். முதல் ரவுண்டில் எல்லாரும் போன பிறகு அப்பா தனியாக வந்தார். இரண்டாவது ரவுண்டில் இன்னும் தாமதம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை அவர் திரும்பி வந்தபோது பார்க்கிறேன், அப்பா தனியாக முன்னால் வருகிறார், கூட்டம் மொத்தமும் நாற்பது ஐம்பது அடி பின்னால் அவரைத் துரத்திக்கொண்டு வருகிறது!

கூட்டம் அவரைவிட ஒரு ரவுண்டு அதிகமாகச் சுற்றியிருக்கிறது, இதோ பிடிக்கப் போகிறது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது என் அப்பா ஃபர்ஸ்ட் வருகிறார் என்பதுதான்.

“எங்கப்பா ஃபர்ஸ்ட்! எங்கப்பா ஃபர்ஸ்ட்!” என்று கல்லின் மேல் குதித்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா அப்போது மிதிப்பதை நிறுத்தியிருந்தார். பெடலோடு பாதத்தைப் பிடித்துவைக்கும் வாரிலிருந்து ஒரு கால் வெளியே வந்திருந்தது, கை பிரேக்கில் இருந்தது. “நிக்காதப்பா! பின்னாடி வர்றாங்க! வேகமாப் போப்பா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார், திரும்பிப் பின்னால் வரும் கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு காலை வாருக்குள் நுழைத்துக்கொண்டு, குனிந்து மிதித்தார்.

அடுத்த முறை அவர் கூட்டத்தின் வாலில் வந்தார். அத்தனை பேரும் முந்திவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். செயலாளர் விசிலை வாயில் வைத்தார். நான் கத்துவதைப் பார்த்தார். விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர். அந்த ஒரு காலை மட்டும் அவர் கெட்ட மனுஷராக இருந்திருக்கலாம்.

இன்னும் இரண்டு ரவுண்டு அப்பா அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் நான் கத்தினேன். ஒவ்வொரு முறையும் என் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து சிரித்தார். அது சிரிப்பு என்றுதான் நினைத்தேன். மூச்சுக்குத் தவிப்பவரின் வாயும் அப்படித்தான் திறந்திருக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

அதற்கடுத்த ரவுண்டில் கூட்டம் வந்தது, அப்பா வரவில்லை. நான் ஓடினேன். மூலைத் திருப்பத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டை மேல் உட்கார்ந்திருந்தார், மாமா தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாவல்பழம் தின்றவர் மாதிரி அப்பாவின் உதடு கறுத்திருந்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. “ஏம்ப்பா எறங்கின? பாதிக்கு மேல வந்துட்டியே, ப்ரைஸ் கெடைச்சிருக்குமே!” என்று சண்டை பிடித்தேன். அவர் என் ரிப்பன் அவிழ்ந்திருந்ததைக் கட்டப் பார்த்தார். எத்தனை முறை சுற்றியும் முடிச்சு விழவில்லை.

வீடு வரை நான் அவரோடு பேசவில்லை. மொபெட்டில் அவர் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு எதை நினைத்தாலும் தாங்குகிறது, இது மட்டும் தாங்குவதில்லை. அம்மா இரண்டாவது ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரசங்கம் எதைப் பற்றி என்று வாசலிலேயே கேட்டாள். நோவாவின் பேழை என்றேன். அப்பா பக்கத்தில் நின்று ஆமாம் என்றார்.

மறுநாள் காலையில் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு விட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “ஏதாவது ஓடினாரா, பாரம் தூக்கினாரா?” என்று டாக்டர் கேட்டார். அம்மா பதறிப்போய், “இல்ல டாக்டர், சர்ச்சுக்குத்தான் போய்ட்டு வந்தார், குழந்தையும் கூடவே இருந்தா” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். கட்டிலிலிருந்து அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அப்பா என்னை அருகில் கூப்பிட்டார். “அந்த ரேஸ் விஷயம் யாருக்கும் வேணாம்மா. எப்பவுமே வேணாம்” என்றார். அதற்கே இரண்டு முறை மூச்சு வாங்கினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

முதல் ஆராதனையில் காற்றில்லாத மூலையில் ஒன்றரை மணி நேரம் நின்றதுதான் காரணம் என்று அம்மா நம்பினாள். சர்ச்சில் ஃபேன் போடச் சொல்லி வருஷக் கணக்காகச் சண்டை போட்டாள். கடைசியில் போட்டார்கள்.

என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுதான் மாமா வாய் திறந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. “மூணே ரவுண்டு சுத்திட்டு எறங்கிடுறேன்னுதாம்மா சொன்னாரு. ஆசைக்கு, அவ்ளோதான். மூணாவது ரவுண்டுல எறங்குறதுக்குக் காலைக்கூட எடுத்துட்டாராம், அப்புறம்…” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். காபி சொல்லட்டுமா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அப்பா அம்மாவுக்குப் பயந்துதான் மறைக்கச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். சாகப் போகிறவருக்கு அம்மாவிடம் என்ன பயம்? ரேஸ் என்று ஒன்று நடந்தது வெளியே வந்தால், இறங்கப் போனவர் ஏன் இறங்கவில்லை என்பதும் வரும். அது நாலு பேர் வாயில் விழுந்து ஒருநாள் என் காதுக்கும் வந்து சேரும். அதற்குத்தான் பயந்திருக்கிறார். மூச்சே இல்லாத நிலையிலும் அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு வயதில் எனக்கு அது புரியவில்லை. அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவை அம்மாவிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.