கறையான் விட்டுவைத்த பிரெஞ்சு

கண்டாவளையில் எங்கள் வீட்டில் பிரெஞ்சு மொழி இருந்தது என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். இருந்தது. ஆனால் பாதிதான் இருந்தது. மீதியைக் கறையான் தின்றுவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். அந்த வயதில் வீட்டில் இருப்பதே ஆபத்தாகிவிட்டிருந்தது. ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தால் முதலில் ட்ரக்கில் ஏற்றுவது அப்படிப்பட்ட பையன்களைத்தான். எப்படியாவது அவனைப் பிரான்ஸுக்கு அனுப்பி உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஐயா தீர்மானித்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து நெல் விதைத்தவர்தான் ஐயா. ஆனாலும் அவருடைய நம்பிக்கை நெல்லில் இல்லை, பாடமாக்குவதில்தான் இருந்தது.

"பாசை தெரிஞ்சவனை ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டாங்கள்" என்றார்.

அதற்கு ஒரு புத்தகமும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வயதான பாதிரியாரின் அறையைத் துப்புரவாக்கியபோது எறியவிருந்த புத்தகம் அது. யார் யாரையோ பிடித்து ஐயா அதை எடுப்பித்தார். ஆங்கிலத்தில் பிரெஞ்சு இலக்கணம் சொல்லும் தடித்த புத்தகம். முன்பாதி முழுவதையும் கறையான் அரித்திருந்தது. வணக்கம், தண்ணீர், பசிக்கிறது, வழி எங்கே என்பதெல்லாம் அதோடு போய்விட்டன. எஞ்சியது பின்பாதி. அதில் வினைச்சொற்கள் மட்டும் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றிலும் ஒரு தினுசு இறந்தகாலம்தான் கூடுதலாக இருந்தது.

"ஒரு காரியம் நடந்து முடிஞ்சுதோ இல்லையோ எண்டு தெரியாமல் ஆக்கள் பயப்பிடேக்கை, ஆசைப்படேக்கை சொல்லுறதாம்" என்று அண்ணன் ஆங்கிலத்தில் வாசித்து விளக்கினான்.

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. அவருடைய கவலை வேறு. "பசிச்சால் பிள்ளை என்னெண்டு சோறு கேப்பான்?"

"அது கறையான் திண்ட பக்கத்திலை போட்டுதம்மா."

நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. கஷ்டமானதை முதலில் பாடமாக்கினால் லேசானது தன்பாட்டில் வரும் என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.

எங்கள் பக்கத்தில் பாடமாக்கினால் மட்டும் போதாது. புத்தகத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் ஒப்புவிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. நான் நாலாம் வகுப்பு. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிக்க அப்போதுதான் பழகியிருந்தேன். அண்ணன் வயலில் மண்வெட்டியோடு தண்ணீர் மாற்றிக்கொண்டு நிற்பான். நான் வரம்பில் குந்தியிருந்து புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு போவேன். கியூ ஜெ சொய்ஸ் பார்ட்டி, கியூ டு சொய்ஸ் பார்ட்டி, குயில் சொயிட் பார்ட்டி. நான் போயிருப்பேனோ, நீ போயிருப்பாயோ, அவன் போயிருப்பானோ என்பதாம். எழுத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தோம். அப்படி வாசித்தால் பிரான்ஸில் ஒரு நாய்க்கும் விளங்காது என்று எங்களுக்குச் சொல்ல அந்த வட்டாரத்தில் யார் இருந்தார்கள்? இராகம் என்னவோ எட்டெட்டு அறுபத்துநாலு என்று பள்ளிக்கூடத்தில் பாடும் அதே வாய்ப்பாட்டு இராகம்தான். சைக்கிளில் போகிறவர்கள் ஒற்றைக் காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டு மரியாதையோடு போனார்கள்.

நான் பொல்லாத வாத்தியார். ஒரு சொல் பிசகினாலும் தொடக்கத்திலிருந்து சொல்லவைப்பேன். பயண நாள் நெருங்க நெருங்க அவன் பிசகுவதை விட்டுவிட்டான். ஆனால் இராகமும் போய்விட்டது. இடைக்கிடை நடுவில் நிறுத்திவிட்டு வானத்தையோ றோட்டையோ பார்த்துக்கொண்டு நிற்பான். தூரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும். மறந்துபோனானாக்கும் என்று நான் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பேன்.

போகிற அன்று புத்தகம் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிற அடையாளம் எதுவும் கையில் இருக்கக்கூடாது என்று, காசு வாங்கி ஆட்களை அனுப்புகிறவர் சொல்லியிருந்தார். யாராவது கேட்டால் கொழும்பில் டொக்டரிடம் கண் காட்டப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அதையும் ஐயா அண்ணனைக் கொண்டு ஒப்புவிக்கவைத்தார். அம்மா திருநீறு பூசிவிட்டார். அண்ணன் பஸ் ஏறினான். நான் கையைக் காட்டினேன். அவன் காட்டினானா என்று நினைவில்லை. அந்த ஒன்றாவது நினைவில் நின்றிருக்கலாம்.

வவுனியாவுக்குக் கிட்ட அந்தப் பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து இளம் பொடியன்களை இறக்கினார்கள் என்ற கதை மறுநாளே ஊருக்கு வந்திருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஐயா காலையில் வெளிக்கிட்டு அலைந்துவிட்டு முகம் கறுத்து வந்தார். அம்மா குசினிக்குள் போய் அடுப்பு மூட்டாமலே குந்தியிருந்தார். நானோ பள்ளிக்கூடத்தில், அண்ணன் இந்நேரம் வெள்ளைக்காரரோடு கதைத்துக்கொண்டிருப்பான் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகொரு நாள் பின்னேரம், ஊர்ப் பதிவெல்லாம் பார்க்கிற விதானையார் வந்தார். கூடவே வவுனியா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவரையும் கூட்டிவந்தார். இருவரும் கதிரையின் நுனியில் இருந்தார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர் அம்மாவைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, தம்பி போகேக்கை என்ன சேட் போட்டிருந்தவர்?"

அம்மா வாய் திறக்கவில்லை. ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. விடை தெரிந்திருக்கும்போது வகுப்பில் நான் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை.

"நீலக்கோடு போட்ட சேட். மேல் பொத்தான் மட்டும் மண்ணிறம். ஐயாவின்ரை பழைய சேட்டிலை இருந்து வெட்டி அம்மாதான் தைச்சவா."

ஆஸ்பத்திரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, விதானையாரைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். தன் கையாலேயே தைத்த பொத்தானைப் பற்றி அம்மா ஏன் வாயே திறக்காமல் இருந்தார் என்றுதான் அன்று முழுக்க அவரோடு கோபமாக இருந்தேன்.