அடக்கப் பதிவில் இல்லாத பெரியவள்

எங்கள் குடும்பத்தில் பெயருக்கு மகா பஞ்சம். தாத்தா பெயர் பேரனுக்கு, அத்தை பெயர் மருமகளுக்கு. போதாக்குறைக்கு ஒரு குழந்தை செத்துப்போனால் அடுத்ததுக்கும் அதே பெயர். கஞ்சப் பிசினாறிகள், நாலைந்து பெயரை வைத்துக்கொண்டே வம்சத்தை ஓட்டிவிட்டார்கள். என் அக்காவும் அப்படி வந்தவள்தான். அவளுக்கு முன்னால் பிறந்து, கைக்குழந்தையிலேயே போய்விட்ட பெரியவளின் பெயர் அவளுக்கு.

அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பஸ் நிறையப் பிள்ளைகளை ஒரே முறைப்பில் உட்கார வைத்துவிடுவாள். ஓய்வு பெற்றதும் அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி அலமாரிக் கதவில் ஒட்டி, வம்சாவளி வரைய ஆரம்பித்தாள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து குழப்பியதால், பென்சிலில் 'குட்டை', 'மீசை', 'ரயில்வே' என்று அடையாளம் எழுதிக்கொண்டாள். பெரியவளின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக்குறி போட்டு, இறந்த தேதிக்கு இடம் விட்டிருந்தாள்.

அந்தத் தேதிக்காகத்தான் சர்ச் ஆபீசுக்குப் போனோம். அடக்கப் பதிவேட்டில் பெரியவள் இல்லை. எழுத்தர் அடுத்த வருஷத்தையும், அதற்கடுத்த வருஷத்தையும் புரட்டிப் பார்த்தார். இல்லவே இல்லை. சரி, ஞானஸ்நானப் பதிவையாவது பார்ப்போம் என்று எடுத்தார். அதில் இருந்தாள். அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி எழுதியிருந்தது.

"கல்யாணக் குறிப்பும்மா," என்றார் எழுத்தர். "வேற ஊர்ல கல்யாணம் ஆனாலும், ஞானஸ்நானம் கொடுத்த சர்ச்சுக்கு எழுதி அனுப்புவாங்க. நாங்க ஓரத்துல குறிச்சு வைப்போம்."

"அப்ப அது என் கல்யாணம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, இடம் மாத்திப் போட்டிருப்பீங்க," என்றாள் அக்கா.

எழுத்தர் சில பக்கங்கள் தள்ளி அவளுடைய பதிவைக் காட்டினார். அதன் ஓரத்தில் எங்கள் அத்தான் பெயர் ஒழுங்காகவே இருந்தது. பெரியவளுக்கு எழுதியிருந்த மாப்பிள்ளை யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை. செத்துப்போன குழந்தை வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டிருக்கிறது. 

வெளியே வந்ததும், "இதை அம்மாகிட்ட கேட்டுத் தொலைக்காதே. போன மாசம்தான் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கிடந்தா," என்றேன்.

"அம்மா போயிட்டா அப்புறம் யாருகிட்டடா கேக்கறது?"

அப்படியும் வீடு வரைக்கும் மல்லுக்கு நின்றேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்து, மாத்திரை போடத் தண்ணீரைக் கையில் வைத்திருந்தாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"பெரியவ சாகலையாம்மா?"

தண்ணீர் அம்மாவின் சேலையில் சிந்தியது. மூச்சு இழுத்தது. அக்காவை ஓங்கி ஒரு அறை விடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"பிரசவத்துக்கு அப்புறம் என்னால எழுந்திருக்கவே முடியல," என்றாள் அம்மா கடைசியில். "ஒரு மாசம் பாத்துக்கறேன்னு உங்க அத்தை தூக்கிட்டுப் போனா. அவளுக்குப் பிள்ளை கிடையாது. திருப்பிக் குடுக்கவே இல்ல. உங்கப்பா போய் சண்டை போட்டுட்டு வந்து, நமக்கு அந்தக் குழந்தை செத்துடுச்சுன்னார், அத்தையோட உறவையும் அறுத்துட்டார். நீ பிறந்ததும் வீம்புக்கு அந்தப் பேரையே உனக்கு வச்சார். அதே பேரை அடுத்ததுக்கு வச்சதும், மூத்தது போயிடுச்சுன்னு சொந்தக்காரங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல."

"நீயும் கேக்கல."

"பயந்தேன்டி." அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்காளா?"

அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை. மறுநாள் குறிப்பில் இருந்த சர்ச்சுக்கு எழுத்தர் போன் போட்டு ஒரு விலாசம் வாங்கிக் கொடுத்தார். பழைய விலாசம், ஆள் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது என்றார். அம்மாவைக் காரில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தானை அம்மாவுக்குத் துணையாக வைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். வழியில் குறுக்கே வந்த ஒருத்தனையும் அக்கா திட்டவில்லை. எனக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

மாடியேறி மணியை அடித்தோம். கதவைத் திறந்தவளுக்கு அம்மாவின் நெற்றி, அம்மாவின் மோவாய். அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பெயரைச் சொல்லி, "அவங்க வீடுதானே?" என்று கேட்டேன்.

"நான்தான். நீங்க?"

அக்கா தன் பெயரைச் சொன்னாள்.

அந்த முகம் இறுகிப்போனது. "ஓ. எனக்குப் பதிலா பெத்துக்கிட்ட பொண்ணு. என் பேரையும் எடுத்து உனக்குக் குடுத்துட்டாங்கன்னு என்னை வளர்த்தவங்க சொல்லியிருக்காங்க. இப்ப என்ன வேணும்?"

கதவு பாதி மூடிவிட்டது. அக்கா கையை நடுவில் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம். அம்மா இருக்கா. நீ இருக்கியான்னு கேக்கறா, அவ்வளவுதான்."

கதவு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. நான் வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன்.  "அம்மா, கண்டுபிடிச்சாச்சு. எதிர்லதான் நிக்கறா."

அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பிறந்ததிலிருந்து அந்தப் பெயருக்கு "என்னம்மா" என்று பதில் கொடுத்தவள் என் அக்கா. இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் நின்றாள். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா," என்றாள் பெரியவள்.