வெள்ளி போன சட்டை

அலுமினியப் பொடியை எங்கள் தெருவில் வெள்ளி என்றுதான் சொல்வோம். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறையில் என் வீட்டுக்காரருக்கு வேலை. சாயந்திரம் வீடு திரும்பும்போது இமை மயிரிலிருந்து கால்சட்டை மடிப்பு வரை மினுமினுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மினுமினுப்பைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் நான். உள்ளங்கை வெடித்து, குழம்புக்கு உப்பு அள்ளினாலே எரியும். அதனால் அந்த வருஷம் தீபாவளி போனஸ் வந்ததும் சேலை வேண்டாம், கம்மல் வேண்டாம், வாஷிங் மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாங்கியும் விட்டேன். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி.

முதல் நாளே மண்ணைக் கவ்வினேன். எல்லாத் துணியையும் ஒன்றாகத் திணித்து, சோப்புத்தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, நுரை லேசில் வராது. அள்ளிப் போட்டே பழகிய கை. வெளியே எடுத்தால் மகளின் வெள்ளைச் சீருடை சாம்பல் நிறத்தில் பளபளத்தது. கரையாத தூள் வேறு அதன்மேல் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்தா மதினி வரவேண்டும்? மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. சாத்தூரில் சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள்.

“கடை வச்சிருக்கவுகளுக்கு இது சரி. கம்பெனிக்குப் போறவுக வீட்டுக்கு எதுக்குத்தா மிசினு?” என்றவர், தம்பி பக்கம் திரும்பினார். “ஏலே, வார ஞாயித்துக்கெளம வாரேன். அதுக்குள்ள வெள்ளி போகலன்னா மிசின எனக்குக் குடுத்துரு. இங்கன சும்மா நிக்கிறதுக்கு எங்க வீட்ல ஓடட்டும்.”

அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாத மனிதர். தலையாட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்தில் புளியே கரைக்கவில்லை. மெஷின் போவதைவிட, ‘கம்பெனிக்குப் போறவுக’ என்று மதினி இழுத்த இழுப்புதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் வேலை விட்டு வந்த வீட்டுக்காரரை வாசலிலேயே மறித்தேன். அடுப்பங்கரைப் பக்கம் வராமல், காற்று போகிற பக்கமாகச் சட்டையை உதறச் சொன்னேன். பைகளையும் வெளியே இழுத்து உதறினார். பாதி வெள்ளி போனது. மீதிக்காக வாளியில் ஊறப் போட்டு எடுத்தால், பழையபடி அதே மினுமினுப்பு. மறுபடி முக்கினேன், மறுபடி எடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் வாளியை உற்றுப் பார்த்தேன். வெள்ளி கரையவில்லை, பாலாடை மாதிரி மேலே மிதந்தது. துணியை அந்தப் படலத்தின் வழியாகத்தானே எங்கள் தெருவில் எல்லோரும் வெளியே இழுக்கிறோம்! போனதை நாங்களே திரும்பப் பூசிக்கொண்டிருக்கிறோம். ரப்பர் குழாயை வாளியின் அடிவரை விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். பருப்பு பொங்குகிற மாதிரி வெள்ளி விளிம்பைத் தாண்டி வழிந்து சாக்கடைக்குப் போனது. தண்ணீர் தெளிந்த பிறகே துணியில் கை வைத்தேன். சோப்புத்தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றியதில் பாதித் தூளே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதினி லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினார். கையில் கயிறு. அவ்வளவு நம்பிக்கை!

வாளியில் வெள்ளியை வழியவிட்டு வைத்திருந்த கம்பெனிச் சட்டையையும், மகளின் இன்னொரு வெள்ளைச் சீருடையையும் அவர் கண்முன்னாலேயே ஒரே தொட்டிக்குள் போட்டேன்.

“ஏ புள்ள, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

மெஷின் ஓடி, பிழிந்தும் முடிந்தது. சீருடையை எடுத்து வெயிலில் விரித்துப் பிடித்தேன். கண் கூசுகிற வெள்ளை. மதினி கழுத்துப்பட்டையைத் திருப்பினார், தையல் மடிப்பை விரித்துப் பார்த்தார், கம்பெனிச் சட்டையின் பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“மிசின ஏத்திரவாக்கா?” என்று ஆட்டோக்காரர் வாசலிலிருந்து கேட்டார்.

“மிசினு எங்கயும் போகாதுண்ணே,” என்றார் என் வீட்டுக்காரர். அக்காவுக்கு முன்னால் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். “கம்பெனிக்காரன் வீட்டு மிசினு. இங்கனதான் ஓடும்.”

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பிழிகிற தொட்டியின் மூடியைத் துடைத்தபடி மதினியிடம் சொன்னேன்: “ஆட்டோவுல வெறுங்கையோட போகாதீக மதினி. வீட்ல அழுக்குத் துணி கிடந்தா அனுப்பி விடுங்க. போட்டுத் தாரேன்.”